கேட்காமல் போன படை

வரி வாங்குவதே திருட்டு என்று முழங்குகிறவர், அயல்நாட்டின் மீது குண்டு வீசுவதை ஆதரிக்க முடியுமா? அர்ஜென்டினா அதிபர் ஹாவியர் மிலெய்யால் முடிகிறது. 2025 ஜூனில் ஈரான் தாக்கப்பட்டபோது அவர் இஸ்ரேலின் பக்கம் உறுதியாக நின்றார். அவரைக் கொண்டாடும் நம்மூர்த் தனிமனித சுதந்திரவாதிகளும், கொடுங்கோன்மையில் சிக்கிய மக்களைப் படை அனுப்பி மீட்பது அறம்தான் என்கிறார்கள். ரேஷன் அரிசிக்குப் போகும் வரிப்பணத்தைக் கொள்ளை என்பவர்களுக்கு, ஏவுகணைக்குப் போகும் வரிப்பணம் மட்டும் உறுத்தவில்லை.

படை அனுப்பி மீட்பது எங்கே போய் முடியும் என்பதைத் தமிழர்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சென்னை மாதவரத்தை அடுத்த புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1987இல் நம் படை இலங்கைக்குக் கடல் தாண்டியது அந்த மக்களைக் காக்கத்தான் என்று சொன்னார்கள்.

128 நாள். இந்தக் கணக்கை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. பசித்தவருக்குச் சோறு; எந்த அறமும் அதைத் தடுக்காது. ஜூலை 29இல் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாளே இந்திய அமைதிப்படை அங்கே இறங்கியது. அக்டோபர் 10 அன்று அதே படை ஈழமுரசு, முரசொலி நாளேடுகளின் அச்சகங்களைத் தகர்த்துவிட்டு விடுதலைப் புலிகள் மீது போரைத் தொடங்கியது. சோற்றிலிருந்து பீரங்கிக்கு 128 நாள்! இடையில் ஆட்சி மாறவில்லை, பிரதமர் மாறவில்லை. அந்நிய மண்ணில் ஆயுதத்தோடு நிற்கும் படை, அடங்காதவரையெல்லாம் எதிரியாக்கிக்கொள்ளும். அக்டோபர் 21, தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டார்கள். நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் செத்தார்கள்.

ஒப்பந்தப்படி புலிகள் ஆயுதத்தை ஒப்படைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்று கேட்பார்கள். கட்டிலில் கிடந்த நோயாளியிடம் ஒப்படைக்க என்ன இருந்தது? அடுத்து 1971 வங்கதேசப் போரை இழுப்பார்கள். அன்று ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் இருந்தார்கள். டிசம்பர் 3 அன்று நம் விமானதளங்களைத் தாக்கியது பாகிஸ்தான். அது தற்காப்பு. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

சுதந்திரவாதம் இசைவில் நிற்பது. 1987இல் யாருடைய இசைவைக் கேட்டார்கள்? மாதவரம் ரவுண்டானாவில் டீசலுக்கு வரி கட்டிய லாரிக்காரரையா? மாண்ட ஏறத்தாழ 1,200 சிப்பாய்களையா? செல் விழுந்த வீட்டுக்காரரையா?

சொந்த நாட்டுப் படையையும் கேள்வி கேட்பதுதான் சுதந்திரவாதிக்குச் சோதனை; ராஜாஜி அதில் தேறியவர். எதற்கும் அரசின் அனுமதி கேட்கும் பர்மிட் ராஜ்ஜியத்தை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர், 1961இல் போர்த்துகீசியர் வசமிருந்த கோவாவுக்குள் இந்தியப் படை புகுந்தபோதும் வாயை மூடிக்கொள்ளவில்லை. இனி படைபலத்தைக் கண்டிக்கும் தார்மீக வலிமை இந்தியாவுக்கு இல்லை என்று எழுதினார். தேசமே கொண்டாடிய வெற்றி அது. அவர் பெயரைச் சொல்லிச் சந்தைக்குக் கொடி பிடிப்பவர்கள் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதைத் துரோகம் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். அவர் செய்தது சரி. சிப்பாயை அனுப்பியவர்கள்தான் தலைகுனிய வேண்டியவர்கள். அயல்நாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டம் இன்றைக்கும் கேட்பதில்லை. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இல்லாமல் ஒரு சிப்பாய்கூட எல்லை தாண்டக் கூடாது என்று அதைத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தத்தைக் கேட்கத் துணியாத எவரும் தன்னைச் சுதந்திரவாதி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.