தொப்பியைப் பறக்கவிட்ட யந்திரம்

அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் நேயர்களுக்கு இந்த அனுபவம் இருக்கலாம். ஊர் அடங்கிய பிறகு கொல்லைப்புறத்திலிருந்து 'ஊம்' என்று ஒரு முனகல் கேட்கும். நிற்கவே நிற்காது. காவல்காரரை விசாரித்தால், "ப்ளோயர் ஓடுதும்மா" என்பார். கழிவுநீர்த் தொட்டியில் அழுக்கைத் தின்று தீர்க்கும் நல்ல கிருமிகள் இருக்கின்றன. அவை சுவாசிக்க இரவு பகலாகக் காற்று ஊதும் புண்ணியவான் இவர்தான். தூக்கத்தைக் கெடுக்கிறாரே என்று சபிக்குமுன் அவருடைய பூர்வ கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் கானர்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே பிலாண்டர் ரூட்ஸ், பிரான்ஸிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் கம்பளி ஆலை நடத்திவந்தார்கள். ஆலைக்குப் புதுமாதிரி நீர்ச்சக்கரம் ஒன்று செய்யப்போனார்கள். அதைச் சும்மா சுழற்றிப் பார்த்தபோது, எட்டிப் பார்த்த மேஸ்திரியின் தொப்பியைக் காற்று தூக்கி எறிந்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. தண்ணீருக்கு ஆகாதது காற்றுக்கு ஆயிற்று! 1860-இல் பேடண்டும் வாங்கிவிட்டார்கள். இன்றைக்கும் அதற்கு ரூட்ஸ் ப்ளோயர் என்றுதான் பெயர்.

உள்ளே என்ன இருக்கிறது? 8 என்ற எண்ணைப் போல இரண்டு இரும்பு உருவங்கள். ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுற்றுகின்றன. கரும்புச் சாறு பிழியும் யந்திரத்தில் கரும்பு நடுவே நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் காற்று நடுவேதான் போகிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது சுவரோரமாக, எட்டின் இடுப்பு மடிப்பில் உட்கார்ந்துகொண்டு, சுற்றிப் பிரயாணம் செய்கிறது. வழியில் அதை யாரும் அமுக்குவதில்லை. வெளிவாசல் திறந்ததும்தான் வேடிக்கை. அந்தப் பக்கம் ஏற்கெனவே அழுத்தத்தோடு காத்திருக்கும் காற்று, பந்திக் கதவைத் திறந்ததும் முண்டியடிக்கும் கூட்டம் மாதிரி, மடிப்புக்குள் பாய்கிறது. பிறகுதான் எல்லாம் சேர்ந்து வெளியே போகும். ஒரு சுற்றுக்கு இப்படி நாலு தடவை. நிமிஷத்துக்கு 1500 சுற்று என்றால் விநாடிக்கு நூறு மோதல்! நம் தூக்கத்தைக் கெடுக்கும் 'ஊம்' பிறப்பது முக்கியமாக இங்கேதான்.

இன்னொரு தொல்லை, அந்தத் 'தொடாமல்' என்ற சமாசாரம். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஏதோ ஒரு பங்குதான் சந்து. கொஞ்சம் அதிகமானால் ஊதிய காற்று பின்னால் கசிந்துவிடும்; குறைந்தால் சூட்டில் விரிந்த உருவங்கள் உரசி நாசமாகும்.

ஓடும் யந்திரத்துக்குள் சாதாரணமாக எட்டிப் பார்க்க வழியில்லை. மேஸ்திரிக்கு ஏதோ தொப்பியோடு போயிற்று! ஆகவே எஞ்சினியர்கள் கம்ப்யூட்டரிடம் போனார்கள். உள்ளிருக்கும் வெற்றிடத்தைக் கணக்கில் லட்சக்கணக்கான சின்னஞ்சிறு அறைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் எத்தனை காற்று வந்தது, எத்தனை போயிற்று, அழுத்தம் என்ன, சூடு என்ன என்று கம்ப்யூட்டர் வரவுசெலவு எழுதுகிறது. அதற்கான சூத்திரங்கள் புதியவை அல்ல. நேவியர் என்ற பிரெஞ்சுக்காரரும் ஸ்டோக்ஸ் என்பவரும் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவை. கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. உருவங்கள் இம்மி இம்மியாகத் திரும்பும்போதெல்லாம் அந்த அறைகளும், இழுத்துப் பிடித்த கொசுவலையின் கண்கள் மாதிரி, கோணிக்கொண்டு நகரவேண்டும். தலைமயிர் பருமனுள்ள சந்துக்குள்ளும் பல வரிசை அறைகளை அடைக்கவேண்டும். ஒரே சுற்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை இதே பாடு.

சகோதரிகளுக்கு ஒரு விஷயம். கம்ப்யூட்டர் என்ற சொல் முன்பு கணக்குப் போடும் மனிதரைத்தான் குறித்தது. அமெரிக்காவின் லாங்லி விமான ஆராய்ச்சிக்கூடத்தில் காற்றோட்டச் சோதனைகளின் கணக்கைப் போட 1935-இல் ஐந்து பெண்களை அமர்த்தினார்கள். அவர்களுடைய உத்தியோகப் பெயரே 'கம்ப்யூட்டர்'!

கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாமா? கூடாது. லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தார் ப்ளோயருக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்து, காற்றில் நுண்துகள்களைக் கலந்து, லேஸர் ஒளியில் படம்பிடித்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எனக்கு மெத்தப் பிடித்த காரியம் இதுதான்.

இத்தனை பாடு எதற்கு என்கிறீர்களா? கழிவுநீர் நிலையத்து மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி, காற்று ஊதுவதற்கே போய்விடுகிறது. சந்தில் கசிவது நம் பராமரிப்புப் பணம். சத்தத்துக்கும் கணக்கு வழி சொல்கிறது. இரண்டு இதழுக்குப் பதில் மூன்று இதழ் வைக்கலாம். இதழ்களைச் சற்று முறுக்கிவிடலாம். வெளிவாசல் படாரென்று திறக்காமல் மெல்லத் திறக்கும்படி விளிம்பைச் செதுக்கலாம். இரும்பை வார்க்குமுன் இதையெல்லாம் திரையிலேயே பரீட்சித்துப் பார்த்துவிடுகிறார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பழைய ப்ளோயரை மாற்றும் பேச்சு வந்தால், "இரண்டு இதழா, மூன்று இதழா?" என்று கேட்டுவையுங்கள். காரியதரிசி ஒரு கணம் விழிப்பார்.