நடுராத்திரி வலிக்கு யார் பொறுப்பு?

"இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று புதுச்சேரியிலோ சென்னையிலோ மருத்துவமனையில் சொல்லிவிட்டால், கூனிமேட்டு உப்பளத் தொழிலாளியின் வீட்டுக்கு அடுத்து யார் வருவார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் பயனாளிகளின் எண்ணிக்கையை வைத்து அதன் தரத்தை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தனியார் வலி தணிப்பு இல்லங்களையும் ஏசி அறையைப் பார்த்து எடைபோட வேண்டாம். கடும் வலிக்கான மருந்தான மார்பின் இருக்கிறதா என்று கேளுங்கள். போதைப்பொருள் சட்டத்தை 2014-லேயே திருத்தி மார்பினுக்கான உரிமக் கெடுபிடியைத் தளர்த்தியாயிற்று. இன்னும் கையை விரிப்பவர்களிடம் போய்ப் பயனில்லை. மார்பின் எழுதியவர் கூடவே மலமிளக்கியும் எழுதினாரா? மார்பின் மாத்திரை பெரும்பாலும் மலத்தைக் கட்டிவிடும். வலி போய் வயிறு உப்பிக்கொண்டால் நோயாளி மாத்திரையையே துப்பிவிடுவார். வீட்டுக்கு வந்த செவிலியர் போர்வையை விலக்கி, ஒருக்களிக்க வைத்து, முதுகின் அடியில் படுக்கைப்புண் பார்க்கிறாரா, இல்லை ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறாரா? புண்ணுக்கு மருந்து கட்ட நோயாளியின் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாரா? (விடிந்தால் உப்பு வாரப் போக வேண்டியவள் அவள்.) ராத்திரி இரண்டு மணிக்கு வலி ஏறினால் எந்த எண்ணுக்கு அழைப்பது? இதற்குப் பதில் இல்லாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.