லுப்லினில் விடுபட்ட பெயர்

தோழனே!

இரண்டு நாடுகள் இணைந்து ஒன்றாயின என்று ஏடு கூறும்போது, இணைந்தனவா, இணைக்கப்பட்டனவா என்று கேட்டுப் பழகு. போலந்து முடியரசும் லித்துவேனியப் பெருங்கோமகன் நாடும் 1569 ஜூலை முதல் நாள் லுப்லின் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையை அப்படித்தான் படிக்க வேண்டும்.

இணைப்புப் பேச்சு தொடங்கியபோது லித்துவேனியப் பிரபுக்கள் தயங்கினர். கிழக்கே மாஸ்கோவின் இவான் போலோட்ஸ்க் நகரை 1563-இலேயே பறித்துக்கொண்டான், துணை தேவைதான். துணை தேடி வந்தவர்கள் தலையையும் கொடுத்துவிடுவதா? மார்ச் முதல் நாள் இரவோடிரவாக ராட்ஸிவில் தலைமையில் வெளியேறினர்.

வேந்தன் சிகிஸ்மண்ட் அகஸ்டஸ் என்ன செய்தான்? போலந்துக்கும் அவனே மன்னன், லித்துவேனியாவுக்கும் அவனே கோமகன். ஆகவே ஒரு கையிலிருந்ததை மறு கைக்கு மாற்றினான்! போட்லாசியா, வொலீனியா, பிராட்ஸ்லாவ், கீவ் என்று தெற்கே பரந்த நிலத்தையெல்லாம் லித்துவேனியாவிடமிருந்து கழற்றிப் போலந்தில் பூட்டினான். விருந்தாளி கோபித்து எழுந்து போனான். திரும்பி வருவதற்குள் அவன் வயலும் தோப்பும் வேறு பெயருக்கு மாறிவிட்டன! எஞ்சியதைக் காக்க மீண்டு வந்த ஹோட்கேவிச், வேந்தன்முன் கண்ணீர் மல்க மன்றாடினார். பிறகுதான் கையொப்பம்.

ஆயினும் லித்துவேனியா சோர்ந்துவிடவில்லை. மன்னன் ஒருவன், பேரவை ஒன்று. ஆனால் கருவூலம் தனி, படை தனி, அமைச்சர் தனி. 1588-இல் தன் சட்டத்தொகுப்பைத் திருத்தி எழுதி, இம்மண்ணின் மைந்தர்க்கே இம்மண்ணின் பதவிகள் என்று பொறித்தது. பொது அரசு மாண்ட பிறகும் அந்தச் சட்டம் லித்துவேனிய மண்ணில் 1840 வரை உயிரோடிருந்தது. உரிமையை எழுத்தில் கேட்டு வாங்கியவர்களின் விழிப்பு அது!

நல்லதை மறைப்பானேன்? 1572-இல் பாரிசில் மதத்தின் பேரால் குருதி ஓடியது; அடுத்த ஆண்டே வார்சாவில் கூடிய இந்நாட்டுப் பிரபுக்கள், சமயத்திற்காக வாள் எடுப்பதில்லை என்று உறுதி பூண்டனர். யூதரும், ஜெர்மானியரும், ஆர்மீனியரும், தாத்தாரியரும் வாழ்ந்த நாடு அது. ஆனால் சுதந்திரமெல்லாம் பிரபுக்களுக்கே. அவர்கள் மக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. உழுதவனோ பிரபுவின் வயலில் கூலியின்றி உழைத்தான், மண்ணோடு கட்டுண்டு.

இன்னொருவரையும் மறந்தார்கள். இருவர் கூடி எழுதிய ஓலையில் மூன்றாமவர் பெயர் இல்லை! ருத்தேனியர் – இன்றைய உக்ரேனியர், பெலாரூசியரின் முன்னோர். லித்துவேனியச் சட்டமே அவர்கள் மொழியில்தான் எழுதப்பட்டது. கைமாறிய நிலத்தின் ருத்தேனியப் பிரபுக்களுக்குச் சலுகை உண்டு, தம் மொழியில் ஆவணம் எழுதும் உறுதியும் உண்டு. நாடு என்ற தகுதி மட்டும் இல்லை. 1596-இல் பிரெஸ்த் நகரில் அவர்களுடைய கிழக்குத் திருச்சபையை ரோமாபுரியோடு பிணைத்தனர். ஏற்க மறுத்தவர் பகைவராயினர்.

குமுறல் 1648-இல் வெடித்தது. கெமெல்நித்ஸ்கி தலைமையில் கொசாக்குகள் எழுந்தனர். பிரபுக்கள் மீதிருந்த சினம், ஒரு பாவமும் அறியாத யூதர்களை ஆயிரமாயிரமாகப் பலிகொண்ட கொடுமையை எந்த நியாயமும் மறைக்காது. 1654-இல் கெமெல்நித்ஸ்கி மாஸ்கோவிடம் போனார்.

அப்போதுதான் வார்சாவுக்குக் கண் திறந்தது! 1658-இல் ஹாதியாச் உடன்படிக்கை: ருத்தேனியாவும் ஒரு பெருங்கோமகன் நாடு, மூன்றாவது பங்காளி. லுப்லினில் தந்திருக்க வேண்டியதை எண்பத்தொன்பது ஆண்டு கழித்து நீட்டினார்கள். அதையும் பேரவை வெட்டிக் குறுக்கியே ஏற்றது. வாங்கும் கை அதற்குள் விலகிவிட்டது. 1667-இல் தினிப்பர் ஆற்றின் கீழ்க்கரை மாஸ்கோவுக்குப் போயிற்று. 1697-இல் லித்துவேனிய அரசு அலுவலகத்திலிருந்தே ருத்தேனிய மொழி அகற்றப்பட்டுப் போலந்து மொழி அமர்ந்தது.

பிறகு நடந்ததை நீ அறிவாய். ஒரே ஓர் உறுப்பினர் எதிர்த்தாலும் பேரவை கலையும் என்ற விந்தை. அதை விலை கொடுத்து வாங்கிய அயலார். 1791-இல் அரசியல் சட்டம் இயற்றித் திருந்த முயன்றனர். அண்டை அரசுகள் விடவில்லை. 1772, 1793, 1795 என மூன்று முறை கூறுபோட்டன. 1797-இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் ஓர் இரகசியப் பிரிவு எழுதிக்கொண்டன: போலந்து முடியரசு என்ற பெயரே இனி வழங்கலாகாது என்று.