சனிக்கிழமை வீடு

ஒரு மனிதன் ஒரே சமயத்தில் இரண்டு வீடுகளில் குடியிருக்க முடியுமா? முடியாது என்று நீங்களும் நானும் சொல்வோம். முடியும் என்கிறது நமது வருமான வரிச் சட்டம்.

முன்பெல்லாம் இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தால், அதற்கு வாடகை வந்ததாகவே பாவித்து வரி போடுவார்கள். 2019-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் இரண்டும் சொந்தக் குடியிருப்பே என்று ஒப்புக்கொண்டார்கள். 2025-இல் இன்னும் தாராளம்: ஏன் குடியிருக்கவில்லை என்ற காரணம்கூட வேண்டாம் என்றாகிவிட்டது.

காரணம் ஊரறிந்ததுதானே! கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த வீடு சனிக்கிழமை மாலை திறக்கும். ஞாயிறு இரவு பூட்டும். அதை வாங்கப் பாங்கியில் கடன் உண்டு. சம்பளச் சீட்டும், மூலப் பத்திரமும், வில்லங்க சர்ட்டிபிகேட்டும் ஒழுங்காயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி வடக்கே வாருங்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். இங்கேயும் அதே கடல்தான். வெள்ளைக்காரர் காலத்தில் ஓய்வு நாளைக் கழிக்க எண்ணூருக்குத்தான் போனார்கள். இன்று அங்கே உல்லாச வீடு வாங்க யார் கடன் கேட்பார்கள்? அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் அந்தக் கழிமுகத்தில் எண்ணெயும் மிதந்தது. ஊருக்குள் அமோனியாவும் கசிந்தது.

கடலையாவது நடுநிலையாக இருக்க விட்டோமா? 1870-களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கேயிருந்து வந்த மணல் அங்கே தடைப்பட்டு மெரினா அகன்றது. மணல் வராத வடகரையைக் கடல் அரித்தது. வீடுகளும் போயின. பாறாங்கல் கொட்டித்தான் மிச்சத்தைக் காத்து வருகிறோம்.

அந்தக் கற்களுக்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் வாழும் மீனவர் பாங்கிக்குப் போனால் என்ன நடக்கும்? "பட்டா எங்கே?" என்பார்கள். பலருக்கு இல்லை. "சம்பளச் சீட்டு?" கடல் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. அவர் வட்டிக்கடைப் படியேறுகிறார்.

"முதல் வீட்டுக்குச் சர்க்கார் வட்டி மானியம் தருகிறதே!" என்பீர்கள். தருகிறது. வட்டி இருந்தால்தானே மானியம்? கடன் இருந்தால்தானே வட்டி? பட்டா இருந்தால்தானே கடன்?

கடன் வாங்கிக் காற்று வாங்குபவர் மீது எனக்குப் பகையில்லை. தாராளமாக வாங்கட்டும்; சொந்தச் செலவில் வாங்கட்டும். அவருக்கு விட்டுக்கொடுக்கும் வரி ஊர்ப் பணம். அதனால் சர்க்காரை நான் கேட்பது இரண்டே. பூட்டிய வீட்டைக் குடியிருக்கும் வீடாகப் பாவிப்பதை நிறுத்துங்கள். குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா கொடுங்கள்.

சனிக்கிழமை மட்டும் வருகிறவருக்குக் 'குடியிருப்பவர்' என்று பெயர். ஏழு நாளும் அங்கேயே கிடப்பவருக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர். முதலில் இந்த அகராதியைத் திருத்துங்கள். கடனைப் பிறகு பேசலாம்.