மொட்டைக் கடிதமும் கறுப்புப் பந்தும்

பத்திரிகை அலுவலகத்தில் பணியாற்றிய எவருக்கும் மொட்டைக் கடிதம் புதிதன்று. இன்னார் இலஞ்சம் வாங்குகிறார், இன்னாரின் நடத்தை சரியில்லை என்றெல்லாம் எழுதியிருக்கும். எழுதியவரின் பெயர் மட்டும் இராது. அதனை எவ்விதம் கையாள்வது என்று எமக்குக் கற்பித்த மூத்தவர்கள் ஒரே விதியைத்தான் சொன்னார்கள்: விசாரித்துப் பார்; உறுதிப்படுத்த முடியாவிட்டால் குப்பைக் கூடையில் போடு. குற்றஞ்சாட்டுபவன் முகங்காட்டாவிட்டால், சாட்டப்பட்டவன் யாருக்குப் பதில் சொல்வான்?

இந்த மொட்டைக் கடிதத்துக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்து, மரபு என்று பெயர் சூட்டிப் பேணிவரும் அமைப்பு ஒன்று உண்டு. அதுதான் பிறீமேசன் சபை. அதன் கிளைகளை லொட்ஜ் என்பர்.

அங்கு சேர விரும்புபவரை உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும்; இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பின்னர் இரகசிய வாக்கெடுப்பு. ஒவ்வொருவரும் பெட்டியினுள் கையை விட்டு, சம்மதமாயின் வெள்ளைப் பந்தையும் இல்லையெனில் கறுப்புப் பந்தையும் இடுவர். இங்கிலாந்தின் தலைமை லொட்ஜினுடைய விதிப்படி மூன்று கறுப்புப் பந்துகள் விழுந்தால் விண்ணப்பதாரர் நிராகரிக்கப்படுவார். ஒன்றோ இரண்டோ போதும் என்று ஒரு லொட்ஜ் தன் துணைவிதியில் எழுதிக்கொள்ளவும் இடமுண்டு. அத்தகைய லொட்ஜில் ஐம்பது பேர் விரும்பினாலும் ஒருவர் வெறுத்தால் முடிந்தது கதை!

பிரித்தானியர் காலந்தொட்டு இலங்கையிலும் இம்மரபில் வந்த லொட்ஜுகள் உள்ளன. பல ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றில் ஒன்றுக்கு நானும் விண்ணப்பித்தேன். நண்பர்கள் இருவர் மனமுவந்து என் பெயரை முன்வைத்தனர். கிடைத்த பதில் இரண்டு வரிகள். காரணம் எதுவுமில்லை. நான் எழுதிய செய்தி எவரையேனும் சுட்டதா? என் ஊரா? என் சாதியா? என் மொழியா? இன்றுவரை அறியேன். அதன் பின்னர் விருந்துகளிலும் மரண வீடுகளிலும் அந்த லொட்ஜைச் சேர்ந்தவர்கள் கைகுலுக்கும்போதெல்லாம், இந்தக் கையா அந்தப் பந்தை இட்டது என்ற கேள்வி எழும். ஒருவர் செய்த காரியத்துக்காக அத்தனை பேரையும் சந்தேகிக்க நேர்கிறது. சகோதரத்துவம் பேசும் சபை எனக்குத் தந்த பரிசு அதுதான்.

எட்டாத பழம் புளிக்கிறது என்பீர்கள். சொல்லுங்கள், ஆனால் நான் கேட்பதற்கும் பதில் சொல்லுங்கள்.

தேர்தலில் இரகசிய வாக்கு இல்லையா என்று அவர்கள் கேட்கின்றனர். உண்டு. அவுஸ்திரேலியக் குடியேற்றங்களில் 1856இலும் பிரித்தானியாவில் 1872இலும் அது சட்டமாயிற்று. எதற்காக? நிலக்கிழாருக்கு அஞ்சிய குத்தகைக்காரனும், முதலாளிக்கு அஞ்சிய தொழிலாளியும் மனச்சாட்சிப்படி வாக்களிப்பதற்காக. வலியவனிடமிருந்து எளியவனைக் காக்க வந்த திரை அது. லொட்ஜிலோ உள்ளே இருப்பவனே வலியவன். வாசலில் நிற்பவனே எளியவன். அங்கே அந்தத் திரை யாரிடமிருந்து யாரைக் காக்கிறது?

இதே 1872இல்தான் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி இந்து பிறீமேசனாக ஏற்கப்பட்டார். அதற்கு அவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஆசியர் ஒருவரைச் சேர்ப்பதாயின் மாகாணத் தலைவரின் அனுமதி வேண்டும் என்று அங்கே ஒரு துணைவிதி இருந்தது. வெட்கக்கேடான விதிதான், ஆயினும் அது எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்தபடியால் இலண்டனுக்கு முறையிட முடிந்தது. கறுப்புப் பந்தை எதிர்த்து எங்கே முறையிடுவது? அதில் இனவாதமும் ஒளியலாம், சாதியும் ஒளியலாம், நேற்றைய கடன் தகராறும் ஒளியலாம்.

தனியார் சபை தனக்கு வேண்டியவரைத் தெரிந்துகொள்ளக்கூடாதா என்றால், தாராளமாகத் தெரியட்டும். 1723ஆம் ஆண்டின் யாப்பும் சமுகமளித்த உறுப்பினர் அனைவரது சம்மதத்தையும் கேட்டது. பிணக்குக்காரர் எவரும் நுழைந்து சபையின் இணக்கத்தைக் குலைக்கக்கூடாது என்பது அதன் நியாயம். நல்ல நியாயம். ஆனால் அச்சம்மதத்தைத் தத்தமக்கு உகந்த முறையில் தெரிவிக்கலாம் என்றுதான் அந்த விதி சொன்னது. முகத்தை மூடிக்கொள் என்று கட்டளையிடவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதொன்றுமன்று. ஆட்சேபிப்பவர் தலைவரிடம் மட்டுமாவது தம் பெயரையும் காரணத்தையும் சொல்லட்டும். விண்ணப்பித்தவருக்குப் பெயர் வேண்டாம். காரணத்தைத் தெரிவித்து, மறுமொழி கூற ஒரு வாய்ப்பளித்தால் போதும். திருடனுக்கும் நீதிமன்றம் குற்றப்பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறது. நேர்மையையும் உண்மையையும் போற்றுவதாகச் சொல்லும் சபை, தன் வாசற்படி வந்த கௌரவமான மனிதனுக்கு அதனினும் குறைவாகக் கொடுப்பது எந்த அறம்?

சொல்லத் துணிவில்லாத காரணம் காரணமே அன்று. எங்கள் அலுவலகத்தில் அதற்கு உரிய இடம் குப்பைக் கூடை.