தலைக்குக் கவசம்... காதுக்கு?



ஒர்க்‌ஷாப்பில் ஷீட் மெட்டல் வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கும் நண்பனிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நிற்பான். ஆனாலும் கத்த வேண்டியிருக்கும். "என்னடே?" என்று காதைக் கொண்டு வருவான். நாமும் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் இது சிரிக்கிற விஷயமில்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவனிடம் கத்திப் பேச வேண்டி வந்தால், அங்கே சத்தம் ஏறக்குறைய 85 டெசிபெல்லைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மீட்டர் இல்லாத இடத்தில் உதவுகிற எளிய சோதனை இது.

காலுக்கு ஷூ, உடம்புக்குக் காக்கி, கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கு ஹெல்மெட் என்று பாதுகாப்புப் பாடத்தில் வரிசையாக எழுதி மார்க் வாங்குகிறோம். காதை எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? விரல் வெட்டுப்பட்டால் ரத்தம் வருகிறது, எல்லாரும் ஓடி வருகிறார்கள். காது கெட்டால் ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. அதனால்தான் அதை யாரும் கவனிப்பதில்லை.

எனக்கு இந்த விஷயம் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் அப்பா இனயத்தில் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவுட்போர்டு எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்தவர். எஞ்சினுக்கும் அவர் காதுக்கும் இடையே நாலடி தூரம்கூட இருக்காது. நான் பாலிடெக்னிக்கில் சேர வந்த அன்று ஆபீஸ் ஜன்னலில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். "அப்பா படிச்சதில்லையா தம்பி?" என்று கேட்டார்கள். "இல்ல சார்" என்றேன். அது பாதிக் காரணம்தான். கேட்ட கேள்வி அவர் காதில் விழவில்லை என்பது மீதிக் காரணம். அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

"சத்தமெல்லாம் கேக்குது மக்கா, நீ என்ன செல்லுதேன்னுதான் பிடி கிட்டல்ல" என்பார் அப்பா. இதற்கு விஞ்ஞானம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. நம் உட்காதில் சுமார் 15,000 மயிரணுக்கள் உண்டு. தொடர்ந்த இரைச்சலில் அவை தளர்ந்து சாகின்றன. செத்தது திரும்ப முளைக்காது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துகள் கனமாக ஒலிப்பவை, அவை கேட்கும். க, ச, த, ப போன்ற மெய்கள் மெலிந்தவை, அவை நழுவிவிடும். அதனால் குரல் கேட்கும், சொல் புரியாது.

நான் இதை எங்கள் வீட்டு விஷயம் என்றே நினைத்திருந்தேன். ராணுவத்தில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் லீவில் வந்தபோதுதான் இது உலகத்து விஷயம் என்று தெரிந்தது. "நீ மெக்கானிக்கல் படிக்கியல்லா? தலையில ஹெல்மெட், காதுல ஹெட்செட். ரெண்டையும் ஒண்ணா போட்டா ஒரு மணிக்கூறுல தல நோவுது. இதுக்கு ஒரு வழி செல்லு பாப்பம்" என்றார். விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ரைபிள் வேட்டின் சத்தம் சுடுகிறவன் காதருகே சுமார் 160 டெசிபெல். 140-ஐத் தாண்டினால் ஒரே வேட்டுகூடக் காதைக் கெடுக்கலாம். ஆக, வீரனுக்குக் காதுக் கவசம் கட்டாயம் வேண்டும். ஆனால் பழைய ஹெல்மெட் கவிழ்த்த சட்டி மாதிரி காதையும் சேர்த்து மூடுகிற வடிவம். அதற்குள் கிண்ணம் போன்ற காதுக் கவசத்துக்கு இடம் கிடையாது. தலைக்கு மேலாகப் போகும் பட்டையோடு ஹெட்செட்டை மாட்டினால், ஹெல்மெட் அந்தப் பட்டையின் மேல் உட்காரும். உச்சந்தலையில் ஒரே இடத்தில் அழுத்தம் விழும். ஹெல்மெட்டும் ஆடும்.

இதற்கு இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். ஒன்று, ஹெல்மெட்டின் விளிம்பைக் காதுப் பக்கத்தில் மேலே ஏற்றி வெட்டினார்கள். இரண்டாவது, இரு பக்கமும் ரெயில் போன்ற பள்ளப் பட்டை வைத்து, அதில் ஸ்பிரிங் உள்ள கையைப் பொருத்தி, கை நுனியில் காதுக் கிண்ணத்தை மாட்டினார்கள். உச்சந்தலைப் பட்டை போய்விட்டது. வேண்டாத நேரத்தில் கிண்ணத்தைத் தூக்கி மேலே தள்ளியும் வைக்கலாம்.

ஆனால் எதுவும் சும்மா கிடைப்பதில்லை. விளிம்பை வெட்டியதால் காதுப் பக்கத்தில் குண்டைத் தடுக்கும் பரப்பு குறைந்தது. கிண்ணம் இப்போது ஹெல்மெட்டைப் பிடித்துத் தொங்குவதால், ஹெல்மெட் அசைந்தால் கிண்ணமும் அசையும். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே சிறு இடைவெளி வந்தாலும் சத்தம் உள்ளே புகும். கண்ணாடியின் காம்பு போகும் இடத்தில்கூட இந்த ஒழுக்கு உண்டு. ஆகவே ஹெல்மெட் ஒன்று, ஹெட்செட் ஒன்று என்று தனித்தனியாகப் பார்க்க முடியாது. இரண்டும் சேர்ந்து ஒரே கருவி! ஐரோப்பாவில் ஹெல்மெட்டில் மாட்டும் காதுக் கவசத்துக்கு ஈஎன் 352-3 என்று தனித் தர நிர்ணயமே இருக்கிறது. எந்தக் கவசம் எந்த ஹெல்மெட்டோடு என்று ஜோடியாகத்தான் அதில் சோதிப்பார்கள். நம் ராணுவத்துக்காக 2017-ல் கான்பூரின் எம்.கே.யு. நிறுவனத்திடம் சுமார் 1,58,000 ஹெல்மெட்டுகளுக்கு ஆர்டர் போனபோதும், குண்டு தாங்குவதோடு தகவல் தொடர்புக் கருவியை இணைக்கும் வசதியும் பேசப்பட்டது.

"தலை நோவுக்கு இவ்வளவு பாடா? பொறுத்துக்கொண்டு போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் கணக்கு இருக்கிறது. சத்தம் 3 டெசிபெல் கூடினால் அதன் சக்தி இரண்டு மடங்கு. அமெரிக்காவின் நையாஷ் என்ற தொழில் நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபெல்லில் 8 மணி நேரம், 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 100-ல் வெறும் 15 நிமிடம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இப்போது 30 டெசிபெல் குறைக்கிற நல்ல காதுக் கவசம் ஒன்றை எடுங்கள். 8 மணி நேர வேலையில் நோவு தாங்காமல் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு எவ்வளவு? 12 டெசிபெல்தான்! பாதி நேரம் கழற்றினால் வெறும் 3. லாகரிதம் டேபிளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். அப்படியானால் வசதியாக இருப்பது சொகுசு இல்லை. வசதி இல்லாத கவசம் கழற்றப்படும், கழற்றிய கவசம் காக்காது.

சரியாகப் பொருந்தாத பொருளுக்கு என்ன விலை என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. அமெரிக்க ராணுவத்தினர் பயன்படுத்திய ஒரு காதடைப்பான், காதில் சரியாக நிற்காமல் தெரியாமலே தளர்ந்துவிட்டது என்று லட்சக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் 3எம் நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 600 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ளச் சம்மதித்தது. கேஸ் முடிந்தது. கெட்ட காது திரும்பி வருமா?

இதையெல்லாம் அப்பாவிடம் கத்திக் கத்திச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "காத அடச்சிட்டுக் கடல்ல போனா கப்பலு வாறது எப்பிடி மக்கா தெரியும்? கூட இருக்கியவன் வெப்ராளப்பட்டு விளிச்சாலும் கேக்காதே?"

நான் வாயடைத்துப் போனேன். 2018 ஆகஸ்ட் 7-ம் தேதி முனம்பத்திலிருந்து போன 'ஓஷியானிக்' படகைக் கப்பல் இடித்ததில் நம் இராமன்துறைக்காரர்கள் இறந்ததை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. காதை மூடியதால் வந்த விபத்து அது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடலில் போகிறவனுக்குக் காதும் ஒரு காவல் என்ற அப்பாவின் பேச்சில் நியாயம் இருக்கிறது. போர்வீரனுக்கும் இதே சங்கடம்தான். எதிரியின் காலடிச் சத்தம் கேட்காவிட்டால் அவன் உயிர் போய்விடும். அதனால்தான் அவனுடைய ஹெட்செட்டில் வெளியே மைக், உள்ளே சின்ன ஸ்பீக்கர். மெல்லிய சத்தத்தை உள்ளே விடும், வெடிச் சத்தத்தை வெட்டிவிடும். வீரனுக்கு இதைச் செய்ய முடிந்தது. மீனவனுக்கு, உப்புத் தண்ணீரில் கெடாமல், அவன் வாங்கும் விலையில் செய்ய யார் யோசிக்கிறார்கள்?

சட்டமும் கரையோடு நின்றுவிட்டது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோயாகச் சேர்த்தது. ஆனால் வள்ளம் தொழிற்சாலை இல்லையே! அப்பா யாரிடம் அறிவிப்பார்?

நண்பர்களே, நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதலில், காதை மூடுவது கடைசி வழி. சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் முதல் வழி. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். எஞ்சின் கைப்பிடியில் ஒரு குழாயைச் சேர்த்து நீட்டி, ஆள் தள்ளி உட்கார்ந்தாலே இதில் ஒரு பங்கு கிடைக்கும். ஒரு பைப், இரண்டு கிளாம்ப். நம்மால் முடியாதா?

இரண்டாவது, பைனல் இயர் புராஜெக்ட். வருஷா வருஷம் பழைய மாடலையே பெயின்ட் அடித்து வைக்கிறோமே, அதற்குப் பதிலாக சாதாரணத் தொழிற்சாலை ஹெல்மெட்டில் காதுக் கவசத்தை மாட்டும் ஒரு கையைச் செய்து பார்க்கலாம். ஸ்பிரிங்கின் அழுத்தம், மெத்தையின் ஒட்டுதல், ஹெல்மெட் ஆடும் அளவு, மூன்றுமே நம் பாடத்தில் உள்ளவை. கல் குவாரியிலும் வெல்டிங் பட்டறையிலும் நிற்கிறவர்கள் தலையில் போட்டு, "நாள் முழுக்கக் கழட்டாம இருக்க முடியுதா அண்ணே?" என்று கேட்போம். அவர்கள் சொல்லும் பதில்தான் ரிசல்ட்.

மூன்றாவது, நாளை நாம் சூப்பர்வைசராகப் போவோம். இன்டென்ட் எழுதும் பேனா நம் கையில் இருக்கும். அன்றைக்கு ஹெல்மெட் ஒரு கடையில், காதுக் கவசம் இன்னொரு கடையில் என்று எழுதிவிட்டு, "கொடுத்தாச்சு, போடாதது அவன் குற்றம்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஜோடியாக வாங்குங்கள். நீங்களே ஒரு ஷிப்ட் போட்டுப் பாருங்கள்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அப்பா கேட்ட கேள்விக்கும் இல்லை. அப்பாவுக்குப் போன காதை நான் மீட்டுக் கொடுக்க முடியாது. ஆனால் என் தம்பியும் அடுத்த வருஷம் அதே கைப்பிடியைப் பிடிக்கப் போகிறேன் என்கிறான். அவன் பிடிப்பதற்குள் அந்தக் குழாயையாவது மாட்டிவிட வேண்டும்.

யாராவது சேர்ந்து செய்ய வருகிறீர்களா?

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை (இனயம்)