பட்டியலின் இரண்டாம் பெயர்

கடைக்குக் கொடுத்தனுப்பும் சாமான் பட்டியலைப் பார்த்தாலே அந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். பச்சையரிசியும் பயறும் சர்க்கரையும் மிகுதியாக எழுதப்பட்டிருந்தால் பொங்கலோ பூசையோ நெருங்கிவிட்டது. கொத்தமல்லியும் சுக்கும் மட்டுமே இருந்தால் வீட்டில் யாருக்கோ தடிமன் காய்ச்சல். வீட்டுக்காரர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டு அணிகளின் நிலையும் இதுவே. "இம்முறை கிண்ணம் எங்களுக்கே" என்று எல்லா அணிகளும் முழங்குகின்றன. ஆனால், அவை யாரை எடுத்தன, எந்த வேலைக்கு எத்தனை பேரை எடுத்தன என்று பார்த்தால்தான் அவற்றின் உண்மையான திட்டம் வெளிப்படும். கண்டி நகரின் பெயரைத் தாங்கி விளையாடிய கிரிக்கெட் அணியின் கதையைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் 1936ஆம் ஆண்டிலேயே இதனைத் தொடங்கிவிட்டது. முந்திய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது அங்குள்ள விதி. செல்வம் படைத்த அணிகளே எல்லாத் திறமையையும் அள்ளிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

நம் நாட்டில் லங்கா பிரிமியர் லீக் போட்டி 2020ஆம் ஆண்டு தொடங்கியது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்னும் ஐந்து ஊர்களின் பெயரால் ஐந்து அணிகள் அமைந்தன. முதலில் வரிசைமுறைத் தேர்வு நடந்தது. 2023ஆம் ஆண்டு ஜூன் 14ஆந் திகதி, இந்நாட்டிலே முதல் முறையாக ஆட்டக்காரர் ஏலம் நடைபெற்றது. அணியொன்றுக்கு 5 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் செலவிட அனுமதியில்லை. அன்றியும், களத்தில் இறங்கும் 11 பேரில் வெளிநாட்டார் நால்வருக்கு மேற்படலாகாது. பணத்துக்கும் எல்லை, இடத்துக்கும் எல்லை. எல்லை உண்டானால்தான் தெரிவுக்குப் பொருள் உண்டாகிறது. ஒன்றை எடுத்தவன் மற்றொன்றை விட்டவன் ஆகிறான் அல்லவா?

இனிக் கண்டியின் முதற் பட்டியலைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நடந்த தேர்வில், கண்டி டஸ்கர்ஸ் என்ற பெயருடன் வந்த அணி, மேற்கிந்தியத் தீவுகளின் கிறிஸ் கெய்லைத் தன் தலையாய நட்சத்திரமாக எடுத்துக்கொண்டது. இருபது ஓவர் ஆட்டத்தில் அவருடைய பெயருக்கு நிகரான பெயர் அப்பொழுது அரிது. அவருடன் நம் குசல் பெரேராவும், இங்கிலாந்தின் லியம் பிளங்கெற்றும் இருந்தனர். அந்தப் பட்டியலைப் படித்தவர்கள் அதன் திட்டத்தை எளிதில் ஊகிக்கலாம்: தொடக்கத்திலேயே அடித்து நொறுக்கி ஓட்டங்களைக் குவிப்பது, மற்றவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்வது.

நடந்தது என்ன? போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கையில் கெய்லும் பிளங்கெற்றும் விலகிக்கொண்டனர். நவம்பர் 26ஆந் திகதி அம்பாந்தோட்டையில் நடந்த முதல் ஆட்டத்தில் குசல் பெரேரா 87 ஓட்டங்களை விளாசினார். அணி 219 ஓட்டங்களைப் பெற்றது. அப்படியிருந்தும் கொழும்பு அணி அதே தொகையை எட்டிப் பிடித்து, மேலதிக ஓவரில் வென்றுவிட்டது. ஓட்டம் குவிக்க ஆள் இருந்தது; குவித்ததைக் காக்க ஆள் போதவில்லை. எட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளுடன் கண்டி கடைசி இடத்தில் நின்றது.

கெய்ல் வராதது அணியின் குற்றமன்று. ஆயினும், அவர் வராவிட்டால் யார் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை இருக்கவில்லை. முதற் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியவர்கள் இரண்டாம் பெயரைப் பற்றிப் போதிய அளவு எண்ணவில்லை. அடுத்த ஆண்டு அணியின் பெயர் கண்டி வாரியர்ஸ் என மாறியது. பெயர் மாறியதேயன்றி இடம் மாறவில்லை. 2021ஆம் ஆண்டிலும் கண்டிக்குக் கடைசி இடமே கிடைத்தது.

2022ஆம் ஆண்டில் கண்டி ஃபல்கன்ஸ் என்ற மூன்றாவது பெயருடன் வந்த அணியின் பட்டியல் வேறு கதை சொல்லியது. அதன் தலைவராக வந்தவர் வனிந்து ஹசரங்க. காலி றிச்மண்ட் கல்லூரியின் பழைய மாணவரான இவர், 2020ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அணிக்காக ஆடித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் எனப் பாராட்டுப் பெற்றவர். சுழற்பந்து வீசி விக்கெட்டும் எடுப்பார். துடுப்பெடுத்து ஓட்டமும் சேர்ப்பார். இத்தகைய சகலதுறை ஆட்டக்காரர் ஒருவரை எடுப்பது ஒரு சம்பளத்தில் இரண்டு வேலையாட்களை வைத்துக்கொள்வது போன்றது. மிஞ்சிய இடத்தில் இன்னொருவரைச் சேர்க்கலாம். பார்வையாளரைக் கூட்டும் எண்ணம் போய், ஆட்டத்தை வெல்லும் எண்ணம் வந்துவிட்டது என்பதற்கு அந்தத் தெரிவே சாட்சி. அவ்வாண்டு முதற் சுற்றில் எட்டு ஆட்டங்களில் ஏழில் வென்று கண்டி முதலிடம் பெற்றது. கிண்ணம் மாத்திரம் கைக்கு எட்டவில்லை.

2023ஆம் ஆண்டு ஏலம் நடந்தபோது அணியின் பெயர் பி-லவ் கண்டி. அந்தப் பட்டியலை மாணவர்கள் எழுதிவைத்துப் படிக்கலாம். தலைவர் ஹசரங்க. அவருடன் முதிர்ந்த அனுபவமுள்ள அஞ்சலோ மத்தியூஸ். சுழற்பந்துக்கு ஆப்கானிஸ்தானின் முஜீப் உர் ரஹ்மான். அவருக்கும் மேலாக, ஹசரங்கவின் சொந்தத் தமையனாராகிய சதுரங்க டி சில்வா. இரு கைகளாலும் பந்துவீச வல்ல கமிந்து மெண்டிஸ். விக்கெட் காப்புக்குத் தினேஷ் சந்திமால் ஒருவர், பாகிஸ்தானின் முகமது ஹரிஸ் மற்றொருவர். வேகப்பந்துக்கு இசுரு உதான, நுவன் பிரதீப், முகமது ஹஸ்னைன். ஒரு வேலைக்கு ஒருவர் என்று நிறுத்திக்கொள்ளாமல், அவருக்குப் பின்னால் ஒருவர் என்று அடுக்கப்பட்ட பட்டியல் இது.

அத்தொடரில் ஹசரங்க 279 ஓட்டங்களும் 19 விக்கெட்டுகளும் பெற்று, இரண்டு வரிசைகளிலும் முதல்வராக நின்றார். இத்தனை பாரத்தையும் ஒரே தூண் தாங்கும்போது, அந்தத் தூண் சாய்ந்தால் கூரை என்னாகும் என்ற அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சம் உண்மையாயிற்று. ஓகஸ்ட் 20ஆந் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்தில் தம்புள்ளை அணியுடன் நடந்த இறுதியாட்டத்தில் ஹசரங்க காயம் காரணமாக ஆடவில்லை.

கூரை விழவில்லை. தலைமையை மத்தியூஸ் ஏற்றார். தம்பி வீச வேண்டிய சுழற்பந்தைத் தமையன் வீசினார். தம்புள்ளையின் 147 ஓட்டங்களைத் துரத்துகையில் கமிந்து மெண்டிஸ் 44 ஓட்டங்கள் சேர்த்தார். கடைசி ஓவரில் ஒரு பந்து எஞ்சியிருக்க, மத்தியூஸ் ஆட்டமிழக்காமல் நிற்க, கண்டி ஐந்து விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. 2020இல் பெரிய பெயர் வராதபோது அணி சரிந்தது. 2023இல் பெரிய பெயர் வராதபோது அணி நிமிர்ந்தது. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி ஏல நாளிலேயே பட்டியலில் எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

இதுவரை அணியின் வெற்றியைப் பற்றிப் பேசினோம். ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவேண்டும். ஊரின் பெயரைத் தாங்கும் அணியில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் உண்டா? கண்டியிலே பிறந்து, திரித்துவக் கல்லூரியில் பயின்ற வேகப்பந்து வீச்சாளர் மதீஷ பத்திரன, 2024ஆம் ஆண்டு மே மாத ஏலத்தில் 1,20,000 டொலருக்குப் போனார். அதுவரை இத்தொடரில் எவருக்கும் கிடைக்காத விலை அது. அவரை வாங்கியது கண்டி அன்று, கொழும்பு. ஏலத்துக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்குச் சுழற்பந்தைப் பழகும்படி யோசனை சொன்னவர், அங்கிருந்த பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அச்சிறுவனே டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய முத்தையா முரளிதரன். 2008ஆம் ஆண்டு இந்திய ஏலத்தில் சென்னை அணி அவருக்கு 6 லட்சம் டொலர் கொடுத்தது. காய்த்த மரத்துக்கு விலை பேச எத்தனையோ பேர் வருவர். நாற்று நட்டவர் பாடசாலைப் பயிற்சியாளர் ஒருவரே. ஆகையால், ஓர் அணி ஊரின் மேல் எவ்வளவு கண் வைத்திருக்கிறது என்பதை அறியப் பட்டியலின் அடியைப் பார்க்கவேண்டும். அங்கேதான் குறைந்த விலையில், பேரறியாத இளைஞர்களின் பெயர்கள் இருக்கும்.

இதற்கு யாழ்ப்பாணம் நல்ல உதாரணம் காட்டியது. 2020ஆம் ஆண்டு அந்த அணி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. டிசம்பர் 4ஆந் திகதி, தமது பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் முதன்முறையாகக் களம் இறங்கி அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டைப் பெற்றார். 2024ஆம் ஆண்டு இந்திய பிரிமியர் லீக்கில் ஹைதராபாத் அணியின் ஹசரங்க காயமுற்று விலகினார். அவருடைய இடத்துக்கு அழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? அதே வியாஸ்காந்த்தான். முன்னொரு நாள் பட்டியலின் அடியில் நின்ற பெயர், பெரிய பெயருக்குப் பின்னால் ஆயத்தமாக நின்றது.

எனவே, அடுத்த முறை ஏதேனும் ஓர் அணியின் பட்டியல் பத்திரிகையில் வரும்போது, வீட்டுப் பிள்ளைகளுடன் அமர்ந்து ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதற் பெயரை மறைத்துவிட்டு, எஞ்சியவர்களைக் கொண்டு பதினொருவரை நிரப்பிப் பாருங்கள். நிரம்பினால் அது அணி. நிரம்பாவிட்டால் அது விளம்பரம். பிறகு, அடியிலுள்ள மூன்று பெயர்களையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால், அந்த அணி அன்றைய ஆட்டத்துக்கு மட்டும் ஆள் சேர்த்ததா, நாளைக்கும் சேர்த்ததா என்பது தெரிந்துவிடும்.